விறைப்பு யாருடையது?

பால்பாயின்ட் பேனாவின் தலையை அழுத்தினால் உள்ளே இருக்கும் சுருள்வில் கட்டைவிரலுக்கு அடங்கி ஒடுங்குகிறது. அந்தச் சுருள்வில் எஃகு. மேம்பாலத்தின் கீழே நின்று தூணின் உச்சியை அண்ணாந்து பார்த்தால், தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு தட்டைத் திண்டு தெரியும். பல டன் கான்கிரீட்டும் மேலே ஓடும் லாரிகளும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது நசுங்கியதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தத் திண்டு ரப்பர்.

எஃகு விறைப்பானது, ரப்பர் இளக்கமானது என்பது எல்லோருக்கும் தெரியும். அது உண்மையும்கூட. ஆனால் பேனாவுக்குள் எஃகு இணங்கிக் கொடுக்கிறது, பாலத்துக்கு அடியில் ரப்பர் அசையாமல் நிற்கிறது. விறைப்பு பொருளின் குணமா, அந்தப் பொருளால் செய்த உருப்படியின் குணமா? இந்த இரண்டையும் பிரித்தறிய ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. பிரித்தறிய உதவும் கருவியோ, பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் பரிமாணம். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் அடங்குகிற விஷயம் அல்ல அது.

1676இல் ராபர்ட் ஹூக் தன் நூல் ஒன்றில் 14 லத்தீன் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவு செய்துவிட வேண்டும், ஆனால் வேறு யாரும் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. அதற்காக அக்காலத்து அறிஞர்கள் கையாண்ட வழி அது. சுருள்வில் கடிகாரம் யாருடையது என்று அவரும் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸும் உரிமை கோரி மோதிக்கொண்டிருந்த நேரம் வேறு. 1678இல் ஒரு சிறு நூலில் அந்த எழுத்துகளை வாக்கியமாக்கிக் காட்டினார். நீட்சி எந்த விகிதத்தில் கூடுகிறதோ, அதே விகிதத்தில் விசையும் கூடுகிறது என்பதே அதன் சாரம். 20, 30, 40 அடி நீளக் கம்பிகளை மேலே ஆணியில் மாட்டி, கீழே தட்டில் எடையை ஏற்றி அவர் இதைக் கண்டார். சுருள்வில்லிலும் இதே விதி, உலர்ந்த மரக்குச்சியை வளைத்தாலும் இதே விதி.

ஹூக்கின் விதி அளப்பது உருப்படியின் விறைப்பை. ஒரு மில்லிமீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் வேண்டும்? விசையை நீட்சியால் வகுத்தால் அந்த உருப்படிக்கான எண் கிடைத்துவிடும். ஆனால் அதே கம்பியைப் பாதியாக வெட்டினால் அந்த எண் இரண்டு மடங்காகிறது. கம்பி எஃகாகவே இருக்கிறது. மாறியது நீளம் மட்டும். அதே போன்ற இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டினாலும் எண் இரட்டிக்கிறது. குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீட்டர் உள்ள ஒரு மீட்டர் எஃகுக் கம்பியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் நீட்சி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பத்து மீட்டர் கம்பியென்றால் அரை மில்லிமீட்டர். ஹூக்கின் எண்ணில் எஃகும் இருக்கிறது, வடிவமும் இருக்கிறது; இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

அந்தப் பின்னலை அவிழ்க்க முயன்றவர்களில் தாமஸ் யங்கின் பெயர் நிலைத்துவிட்டது. ஒளி அலையாகப் பரவுகிறது என்று காட்டியவர், எகிப்தின் ரொசெட்டாக் கல்லைப் படிக்க வழி திறந்தவர்களில் ஒருவர், தொழிலால் மருத்துவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1807இல் நூலாக்கினார். மீட்சிக் குணகம் அதில் வருகிறது, இன்று நாம் அறிந்த உருவில் அல்ல. ஒரு தண்டின் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறைக்க ஒரு குறிப்பிட்ட எடையை அதன் தலையில் வைக்க வேண்டும் என்று கொள்வோம். அந்த எடையைப்போல் ஆயிரம் மடங்கு கனக்கும் ஒரு தூணை, அதே பொருளால், அதே குறுக்களவில் எழுப்ப வேண்டும். அந்தத் தூண்தான் யங்கின் குணகம். அதன் எடையையும் சொல்லலாம், உயரத்தையும் சொல்லலாம்.

யங்கின் நடை அவருடைய சமகாலத்தவருக்கே கடினமாக இருந்தது. இந்த வரையறை பலரைத் திணறடித்தது. எடையால் சொன்னால் தண்டின் தடிமன் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. பருமனான தண்டுக்கு ஒரு எண், ஒல்லியான தண்டுக்கு வேறு எண். பரப்பால் வகுத்து, எந்தத் தண்டுக்கும் பொதுவான எண்ணாக அதை 1826இல் தெளிவாக எழுதியவர் பிரெஞ்சுப் பொறியாளர் நவியே. இன்று பாடநூல்களில் இருப்பது அவருடைய வடிவம்: ஒரு சதுர மீட்டருக்கான விசையை, அதாவது தகைவை, நீளம் மாறிய பங்கால், அதாவது திரிபால் வகுப்பது. எஃகுக்கு அது 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் சுமார் 70, மரத்துக்கு இழை ஓடும் திசையில் சுமார் 10. ரப்பருக்குச் சில மெகாபாஸ்கல்தான். எஃகின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

இனிப் பரிமாணத்துக்கு வருவோம். ஓர் அளவு எந்தெந்த அடிப்படை அளவுகளால் ஆனது என்பதே பரிமாணம். 1822இல் வெப்பம் பற்றிய தன் நூலில் ஃபூரியே இதை முறையாகப் பேசினார். நிறை, நீளம், காலம் என்ற மூன்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர் மேக்ஸ்வெல். விசை என்பது நிறை, நீளம் இரண்டின் பெருக்கலைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தது. அதை நீட்சியால் வகுத்தால் நீளம் அடிபட்டுப் போகிறது. ஆகவே உருப்படியின் விறைப்பு என்பது, நிறையைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தது. யங் குணகத்தில் விசையைப் பரப்பால் வகுக்கிறோம். திரிபு வெறும் எண். அதனால் வகுக்கும் பக்கத்தில் கூடுதலாக ஒரு நீளம் தங்கிவிடுகிறது.

இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஒரே ஒரு நீளம். வடிவம் முழுவதும் அந்த ஒரு நீளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நேராக இழுக்கும் கம்பியில் அது குறுக்குப் பரப்பை நீளத்தால் வகுத்தது. ஒருமுனை பொருத்திய தடியை வளைத்தால், தடிமனின் நான்காம் அடுக்கை நீளத்தின் மும்மடியால் வகுத்தது. பேனாவின் சுருள்வில் அழுந்தும்போது அதன் கம்பி முறுக்கப்படுகிறது. அங்கே கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கை வளைய விட்டத்தின் மும்மடியால் வகுக்க வேண்டும். எந்த வடிவமானாலும் கணக்கின் முடிவில் மிஞ்சுவது ஒரு நீளம். அது மிஞ்சாவிட்டால் சூத்திரம் தவறு. பேனா வில்லில் அந்த நீளம் மிகமிகச் சிறியது, ஆகவே எஃகின் 200 கிகாபாஸ்கல் கட்டைவிரலுக்கு அடங்கிவிடுகிறது. பாலத்துத் திண்டோ அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. போதாததற்கு உள்ளே எஃகுத் தகடுகளை அடுக்கி ரப்பர் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்திருக்கிறார்கள். பிதுங்க இடமில்லாத ரப்பர் எளிதில் அமுங்காது. வெயிலில் உத்தரம் நீளும்போது மட்டும் பக்கவாட்டில் சரிந்து கொடுக்கும். பாலத்துக்கு வேண்டியதும் அதுதான்.

யங்கின் தூணை நவியே ஓரங்கட்டிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தூணின் உயரம் சொல்லும் செய்தியைப் பாஸ்கல் கணக்கு சொல்வதில்லை. யங் குணகத்தை அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைப்பது ஒரு நீளம். அதுவே யங் தூணின் உயரம். எஃகுக்கு அது சுமார் 2,600 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நேர்கோட்டில் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அப்படி ஒரு தூணை யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் ஒரு பொருள் தன் எடையால் எவ்வளவு உருக்குலையும் என்பதை அளக்கும் கோல் அது.

காரணம் எளிது. ஒரே வடிவத்தில், ஒரே பொருளில் ஓர் உருப்படியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் விறைப்பு இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் அது குணகம் பெருக்கல் ஒரு நீளம். எடையோ எட்டு மடங்காகிறது. ஆகவே தன் எடையால் ஏற்படும் தொய்வு நான்கு மடங்கு. 100 மீட்டர் எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் தன் எடையால் அது நீள்வது 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிலோமீட்டர் கம்பி நீள்வது 19 சென்டிமீட்டர். நீளம் பத்து மடங்கு, நீட்சி நூறு மடங்கு. உருப்படியின் அளவை யங் உயரத்தால் வகுத்தால் வருவதுதான் உருக்குலைவின் பங்கு. வடிவத்துக்கேற்ற ஓர் எண்ணால் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். ரப்பரின் யங் உயரம் சில நூறு மீட்டர். ஜெல்லியின் உயரம் சில பத்து சென்டிமீட்டர். அதனால்தான் தட்டில் கவிழ்த்த ஜெல்லி கண்ணெதிரே குந்திக்கொள்கிறது. மேசைமேல் ஆணிபோல் நிற்கும் பால மாதிரியைப் பார்த்து நிஜப் பாலத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதே உயரத்தை மற்றப் பொருள்களுக்கும் கணக்கிட்டால் வியப்பு காத்திருக்கிறது. அலுமினியத்துக்கு 2,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டைட்டானியத்துக்கும் 2,600. கண்ணாடிக்கு 2,800க்குக் கொஞ்சம் அதிகம். ஸ்ப்ரூஸ் மரத்துக்கு, இழை ஓடும் திசையில், 2,500 அளவில். குணகங்கள் இருபது மடங்குவரை வேறுபட்ட பொருள்கள் எடைக்கு எடை பார்த்தால் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. யங் உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் பரிமாணம் வேகத்தின் வர்க்கமாகிறது. அது எந்த வேகம்? அந்தப் பொருளாலான தண்டுக்குள் ஒலி ஓடும் வேகம். எஃகு, அலுமினியம், கண்ணாடி, ஸ்ப்ரூஸ் எல்லாவற்றிலும் அது வினாடிக்கு 5,000 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. காற்றில் ஓடுவதைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு.

எல்லாம் ஒன்றென்றால் விமானத்தை எஃகால் ஏன் செய்வதில்லை? இழுப்பதிலும் நேராக அழுத்துவதிலும்தான் அவை சமம். மெல்லிய தகடு வளைவதில் கதை வேறு. தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியாகக் கூடுகிறது. இலேசான பொருளை அதே எடைக்குத் தடிமனாக வைக்க முடியும். அங்கே இலேசானதுதான் வெல்லும். ஒரே வளைவு விறைப்புள்ள தகட்டுக்கு, எஃகுக்கு வேண்டும் எடையில் பாதி அலுமினியமும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஸ்ப்ரூஸும் போதும். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர்விமானம் மரத்தால் ஆனது. பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரம். உலோகப் பஞ்சம் ஒரு காரணம்தான், ஆனாலும் மரத்தைத் தேர்ந்தது பலவீனத்தால் அல்ல. அந்த 2,600 கிலோமீட்டர் வேலியை உண்மையில் தாண்டியது 1960களில் வளர்ந்த கார்பன் இழை. இழையின் யங் உயரம் சுமார் 13,000 கிலோமீட்டர்.

யங் உயரம் தோட்டத்திலும் வேலை செய்கிறது. ஒரு மரம் எவ்வளவு உயரம் போகலாம்? மெல்லிய தண்டு ஓர் அளவுக்குமேல் உயர்ந்தால் தன் எடை தாங்காமல் பக்கவாட்டில் நெளிந்து சாய்ந்துவிடும். இந்தக் கணக்கை 1881இல் போட்டவர் வுல்விச் பீரங்கிப் பள்ளியின் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில். அவருடைய முழுக் கணக்கு கடினமானது, ஆனால் அதன் எலும்புக்கூட்டைப் பரிமாணமே தந்துவிடும். தண்டை நிமிர்த்தும் விறைப்பு, குணகத்தையும் தடிமனின் நான்காம் அடுக்கையும் பெருக்கி உயரத்தின் மும்மடியால் வகுத்தது. சாய்க்கும் பக்கத்தில் எடையை உயரத்தால் வகுக்க வேண்டும். அதில் மிஞ்சுவது அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், தடிமனின் வர்க்கம். இரண்டையும் சமன் செய்தால், உயரத்தின் மும்மடி என்பது யங் உயரத்தைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கியது. இரு பக்கமும் மூன்று நீளங்கள்; கணக்கு பொருந்துகிறது. சீரான உருளைத் தண்டுக்கு முன்னால் வரும் எண் ஏறக்குறைய அரை.

ஒரு தென்னையை எடுத்துக்கொள்வோம். அடிமரம் 30 சென்டிமீட்டர், பச்சை மரத்தின் யங் உயரம் 1,000 கிலோமீட்டர் என்று கொண்டால், எல்லை 35 மீட்டர். எழுபது, எண்பது அடி உயரத் தென்னை 25 மீட்டரை நெருங்குகிறது, உச்சியில் மட்டையும் குலையும் வேறு. ஹார்வர்டின் தாமஸ் மக்மகான் 1973இல் அமெரிக்காவின் மிகப் பெரிய மரங்களை இப்படி ஒப்பிட்டபோது, அவை எல்லையில் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் நின்றன. தென்னை அவ்வளவு தாராளமாக இடம் விட்டு வளர்வதில்லை. வேம்பையும் புளியையும்போல ஆண்டுக்காண்டு பருக்கவும் அதற்கு வழியில்லை. இளமையில் அமைந்த பருமனோடுதான் உயர்கிறது. பருக்க முடியாத மரம் அடித்தண்டின் வெளிப்புறத்தை வயதாக ஆகக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. சூத்திரத்தின் மொழியில் சொன்னால், தடிமனைக் கூட்ட வழியில்லாமல் குணகத்தைக் கூட்டுகிறது.

பரிமாணம் எதையெல்லாம் சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 'அரை' என்ற எண்ணை அது தராது. காற்றின் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். நியூட்டன் 1687இல் ஒலியின் வேகத்தை இந்த வடிவில்தான் கண்டார். பரிமாணம் பிசகவில்லை, ஆனால் விடை உண்மையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. ஒலி செல்லும்போது அமுங்கும் காற்று சூடாகி இன்னும் விறைக்கிறது என்று லாப்லாஸ் விளக்கி, 1.4 என்ற எண்ணைச் சேர்த்த பிறகுதான் கணக்கு நேரானது. திருப்புவிசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாணம். ஆனால் அவை ஒன்றல்ல. யங் குணகத்துக்கும் உறுதிக்கும் அப்படியே: கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் ஒரே குணகம், கீழே போட்டால் தெரியும் வேறுபாடு. இத்தனைக்குப் பிறகும், பெருஞ்சோதனைகள் செய்து அறிவிக்கப்படும் விதிகள் பல சில நிமிடப் பரிமாணச் சிந்தனையில் முன்கூட்டியே கிடைத்திருக்கும் என்று ரேலே பிரபு 1915இல் குறைப்பட்டது முற்றிலும் நியாயம்.

உருப்படியின் விறைப்பின் பரிமாணம் நிறையைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தது என்று பார்த்தோம். எனவே நிறையை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மிஞ்சுவது காலம் மட்டுமே. புவியீர்ப்புக்கு அங்கே இடமில்லை. ஊசலின் அலைவுநேரம் ஈர்ப்பைப் பொறுத்தது; சுருள்வில்லின் அலைவுநேரம் பொறுத்ததல்ல. ஹூக்கும் ஹைகன்ஸும் சண்டையிட்டதன் மதிப்பு இதில் இருக்கிறது: ஊசல் கடிகாரம் தடுமாறும் கப்பல் தளத்திலும் சுருள்வில் கடிகாரம் ஓடும். 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில், எடையே இல்லாத இடத்தில், விண்வெளி வீரர்களின் உடல் நிறையை அளந்ததும் இப்படித்தான். வீரர் சுருள்வில் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவார். ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரம் நிறையைச் சொல்லிவிடும்.

நீரின் பரப்பு இழுவிசைக்கும் இதே பரிமாணம்தான்: விசையை நீளத்தால் வகுத்தது. இது தற்செயல் அல்ல. நீர்த்துளியைத் தட்டையாக்கினால் அதன் பரப்பு கூடுகிறது, பரப்பு இழுவிசை அதைப் பழைய உருண்டைக்கு இழுக்கிறது. துளி ஒரு சுருள்வில், விறைப்பு மீட்டருக்கு 0.072 நியூட்டன். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியின் நிறை சுமார் 4 மில்லிகிராம். நிறையை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 8 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 2002இல் பிரான்ஸில் ரிஷார், கிளானே, கெரே ஆகிய மூவர், நீர் ஒட்டாத பரப்பில் விழுந்து துள்ளும் துளிகளை வேகக் கேமராவால் படமெடுத்தார்கள். இந்த அளவுத் துளி பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 10 மில்லிவினாடி. விழும் வேகம் பல மடங்கு மாறியும் அந்த நேரம் மாறவில்லை; காலத்தைத் தரும் கணக்கில் வேகம் நுழையவே இல்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாமரை இலையோ சேம்பு இலையோ போதும். கைப்பேசியை வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டத்தில் வைத்து, மெல்லிய ஊசி பொருத்திய குழாயிலிருந்து ஒரு சிறு துளியை இலைமேல் விடுங்கள். இரண்டு விரற்கடை உயரத்திலிருந்து விட்டாலும் நான்கு விரற்கடை உயரத்திலிருந்து விட்டாலும், துளி இலையைத் தொட்டிருக்கும் படங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பிறகு சொட்டு மருந்துக் குழாயால் இரண்டு மடங்கு விட்டமுள்ள துளியை விட்டால் அது ஆறு, ஏழு படங்களுக்கு நீள வேண்டும். எண்ணிப் பாருங்கள்.